வேட்டைக்காரர் முன்னால் நிற்பதா, தள்ளி நின்று படம் எடுப்பதா?

போன செப்டம்பர் தொடக்கத்தில் என் சித்தி மகள் போன் செய்தாள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம், மாடிசன் நகரம். ஏழெட்டு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். பறவை பார்க்கப் போன இடத்தில் பழக்கமான சிலர், வடபகுதிக் காடுகளில் கரடி வேட்டைக்கு நாய்களை அவிழ்த்துவிடுபவர்களைப் பின்தொடர்ந்து கவனிக்கும் ஒரு குழுவில் இருக்கிறார்களாம். இவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள். "அண்ணே, போகலாமா? போனா போலீஸ் பிடிக்குமா?" என்று கேட்டாள். விசாவில் இருப்பவள், கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் வக்கீல் இல்லை. வேலை இல்லாத நேரத்தில் நீதிமன்றத் தீர்ப்புகளைப் படிக்கும் பழக்கம் உண்டு, அவ்வளவுதான். அன்றைக்கு அவளிடம் அரைகுறையாகச் சொன்னதை அப்புறம் உட்கார்ந்து சரிபார்த்து இங்கே எழுதுகிறேன். காட்டுயிர் மேல் அக்கறை உள்ள ஒருவருக்கு அங்கே என்னென்ன வழிகள் இருக்கின்றன, எந்த வழிக்கு என்ன விலை என்பதுதான் கணக்கு.

நம் ஊர் ஆட்களுக்கு முதலில் ஒரு குழப்பம் வரும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே வைக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் ஊட்டி வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் குதிரை ஏறி, இங்கிலாந்து நாய்களை விட்டு நம்மூர் நரியைத் துரத்தியதெல்லாம் பழங்கதை. இங்கே வேட்டையைத் தடுப்பவர் சட்டத்தின் பக்கம் நிற்கிறார். அறுபது நாள் முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு எவரும் நேராக நீதிமன்றத்தில் புகார் தரவும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு.

அமெரிக்காவில் நிலைமை தலைகீழ். லைசென்ஸ் வாங்கி, சீசன் பார்த்து, இத்தனைதான் என்ற வரம்புக்குள் சுடுபவர் சட்டப்படி தன் உரிமையைப் பயன்படுத்துகிறார். வெர்மான்ட் 1777லேயே வேட்டை உரிமையைத் தன் அரசமைப்புச் சட்டத்தில் எழுதிவைத்தது. விஸ்கான்சின் 2003இல் சேர்த்தது. புளோரிடா 2024 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்திச் சேர்த்தது. இப்படி 20க்கும் மேற்பட்ட மாநிலங்கள். ஆகவே வேட்டையைத் தடுப்பது குற்றம் என்று சொல்லும் சட்டம் 1980களில் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாகப் பரவி, இன்றைக்கு 50 மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. கூட்டாட்சி நிலங்களுக்கென்று 1994இல் நாடாளுமன்றமும் ஒன்றைக் கொண்டுவந்தது. மிரட்டலோ வன்முறையோ இருந்தால் 10,000 டாலர் வரை, இல்லாவிட்டால் 5,000 டாலர் வரை அபராதம்.

அந்த 1994 சட்டத்தில் ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். உடலால் செய்யும் செயல் வேட்டையைக் கணிசமாகத் தடுத்தால்தான் அபராதம். பேச்சை அது தொடவில்லை. மாநிலச் சட்டங்கள் பலவும் இவ்வளவு அடக்கமாக இல்லை. உடம்பு, வாய், கண் என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டப் பார்த்தன. நீதிமன்றங்களில் சிக்கியதும் அங்கேதான். அதனால் வழிகளையும் அந்த வரிசையிலேயே பார்க்கலாம்.

உடம்பைக் குறுக்கே வைப்பது

1990 மார்ச். மொன்டானா மாநிலத்தில் எல்லோஸ்டோன் பூங்காவின் எல்லையோரம். பனிக்காலத்தில் புல் தேடிப் பூங்காவைவிட்டு வெளியே வரும் பைசன் என்ற காட்டெருமைகளால் மாட்டுக்குக் கருச்சிதைவு நோய் தொற்றும் என்பது பண்ணைக்காரர்களின் பயம். அதனால் வெளியே வருபவற்றைச் சுட மாநிலம் அனுமதி தந்திருந்தது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் மட்டும் 569 பைசன்கள் சுடப்பட்டன. பைசன் ஓடாது. சும்மா நிற்கும். பக்கத்தில் போய் நின்று சுடலாம். இதைத் தாங்க முடியாத ஆர்வலர்கள் பனியில் இறங்கினார்கள். ஜான் லில்பர்ன் என்பவர் துப்பாக்கிக்கும் பைசனுக்கும் நடுவில் போய் நின்றார். மாநிலத்தின் வேட்டைக் குறுக்கீட்டுச் சட்டப்படி அவர்மேல் வழக்கு பாய்ந்தது.

கருத்துரிமையை மீறும் சட்டம் என்று கீழே ஒரு நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1994இல் மொன்டானா உச்ச நீதிமன்றம் திருப்பிப்போட்டது. துப்பாக்கி முன்னால் போய் நிற்பதை அரசு தடுக்கலாம், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது என்றது. எனக்கும் இந்தத் தீர்ப்பில் பெரிய குறை தெரியவில்லை. குண்டு நிரப்பிய துப்பாக்கிக்கு முன்னால் ஓர் ஆள் ஓடி வருவதை எந்த அரசும் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தப் பனியில் நடந்ததெல்லாம் தொலைக்காட்சியில் நாடு முழுக்க ஓடியது. நின்ற இடத்திலேயே சுடப்பட்டு விழும் பைசனைப் பார்த்த மக்கள் கொதித்தார்கள். 1991இல் மாநிலமே அந்த வேட்டையை நிறுத்திவிட்டது. மறுபடி தொடங்க 2005 வரை ஆனது. குறுக்கே நின்றவர் வழக்கில் தோற்றார், படம் வேட்டையை நிறுத்தியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

குறுக்கே நிற்பதையே ஒரு கலையாக வளர்த்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். 1963இல் டெவன் மாவட்டத்தில் தொடங்கிய ஹன்ட் சபோட்டர்ஸ் அசோசியேஷன், அதாவது வேட்டையைக் கெடுப்பவர்கள் சங்கம், வேட்டைக் கொம்பை ஊதி நாய்களைத் திசைதிருப்பும். சிட்ரொனெல்லா எண்ணெயைத் தெளித்து நரியின் வாடையை மறைக்கும். நம்மூரில் கொசுவிரட்டியில் வருமே, அதே எண்ணெய்தான். இவர்களையும் மனதில் வைத்து 1994இல் அங்கேயும் ஒரு சட்டம் வந்தது. அடுத்தவர் நிலத்தில் அத்துமீறி நுழைந்து, அங்கே சட்டப்படி நடக்கும் காரியத்தைக் கெடுத்தால் மூன்று மாதம் வரை சிறை.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1992 ஆகஸ்டில், யார்க்ஷயர் மேட்டுநிலத்தில் காட்டுக்கோழி சுடுபவர் ஒருவர் துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் ஹெலன் ஸ்டீல் அவர் முன்னால் நடந்தார். மெக்டொனால்ட்ஸ் கம்பெனியோடு வருடக்கணக்கில் வழக்காடிய அதே ஹெலன் ஸ்டீல்தான். 44 மணி நேரம் காவலில் இருந்தார். நன்னடத்தைக்கு உறுதி எழுதித் தர மறுத்ததால் 28 நாள் சிறை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 1998இல் அது தந்த தீர்ப்பு சுவாரசியமானது. உடம்பால் தடுப்பதும் கருத்து வெளிப்பாடுதான் என்று ஒப்புக்கொண்டது, ஆனால் ஆபத்தைத் தடுக்க அவரைக் கைதுசெய்தது தவறில்லை என்றது. அதே வழக்கில், ஆயுத மாநாடு ஒன்றின் வாசலில் அமைதியாகத் துண்டறிக்கை கொடுத்த மூவரைப் பிடித்தது மட்டும் தவறு என்றது.

மறுவருடம் இன்னொரு தீர்ப்பு. டார்செட்டில் நரி வேட்டையின்போது ஒருவர் கொம்பு ஊதினார், ஒருவர் கூச்சல் போட்டார். அவர்கள் சட்டம் எதையும் மீறியதாக நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் 'ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்' என்று ஆளுக்கு 100 பவுண்டுக்கு உறுதிமொழி எழுத வைத்தார்கள். 'ஒழுங்கு' என்றால் என்ன என்று தெரியாமல் ஒருவர் எப்படி ஒழுங்காக நடப்பார் என்று கேட்டு, அதை ஐரோப்பிய நீதிமன்றம் தவறு என்றது.

அப்புறம் 2005 பிப்ரவரி 18இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்விட்டு நரி வேட்டையாடுவதற்கே தடை வந்ததும் மொத்த ஆட்டமும் புரண்டது. 'சட்டப்படி நடக்கும் காரியத்தைக் கெடுத்தால்' என்றுதானே 1994 சட்டம் சொல்கிறது? வேட்டையே சட்டவிரோதம் என்றால் அதைக் கெடுப்பவர்மேல் அந்தப் பிரிவு எப்படிப் பாயும்? வேட்டைக்காரர்கள் உடனே, முன்பே போட்டுவைத்த வாடைத் தடத்தைத்தான் நாய்கள் பின்தொடர்கின்றன, நரியை இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள். அது உண்மையா பொய்யா என்று நிரூபிக்கும் வேலை கேமராவின் தலையில் விழுந்தது. 2024 தேர்தலில் அந்த வாடைத்தட வேட்டையையும் தடைசெய்வோம் என்று லேபர் கட்சி வாக்குறுதி தந்தது.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் வேறு மாதிரி யோசித்தது. ஆளைத் தடுக்காதே, இடத்தையும் நேரத்தையும் தடு. 1994 வாத்து சீசனின் தொடக்க நாட்களில், மாலை 5 மணி முதல் காலை 10 மணி வரை, வேட்டை லைசென்ஸ் இல்லாதவர் சதுப்பு நிலங்களுக்குள் நுழையக் கூடாது என்று விதி போட்டார்கள். அடிபட்ட வாத்துகளை எடுத்துவந்து கேமரா முன்னால் காட்டுவதுதான் லாரி லெவி என்ற ஆர்வலரின் போராட்டம். விதியை மீறி உள்ளே போனார், பிடிபட்டார். வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை போனது. 1997 தீர்ப்பு: செத்த வாத்தைத் தூக்கிக் காட்டுவதும் அரசியல் பேச்சுதான், ஆனால் விதி உயிர்ப் பாதுகாப்புக்காகப் போடப்பட்டது, செல்லும்.

இந்த ஆஸ்திரேலிய முறை காகிதத்தில் சுத்தமாகத் தெரியும். யார் என்ன நினைக்கிறார் என்று கேட்காது, எல்லை எது, நேரம் எது என்று மட்டும் சொல்லும். எனக்கு அதில் உறுத்துவது வேறு. விடியற்காலையில்தான் வாத்து சுடுவார்கள். காலை 10 மணிக்கு அப்புறம் உள்ளே போனால் பார்க்க என்ன மிஞ்சியிருக்கும்? பாதுகாப்பு என்ற பெயரில் சாட்சியையும் சேர்த்து வெளியே நிறுத்துகிறது அந்த விதி.

ஆக, உடம்பைக் குறுக்கே வைக்கும் வழிக்கு மூன்று கண்டங்களிலும் பதில் ஒன்றேதான். நியாயம் இருக்கலாம், வழக்கில் தோற்பீர்கள். சித்தி மகளிடம் இதைச் சொன்னபோது, "எனக்கு அவ்ளோ தைரியம் எல்லாம் இல்லண்ணே" என்று சிரித்தாள்.

வாயால் சொல்வது

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் ஆர்வலர்களுக்கு இங்கே தெளிவான வெற்றி. கனெக்டிகட் மாநிலம் 1985இல் போட்ட சட்டம், வேட்டையை மட்டுமில்லாமல் வேட்டைக்கான ஆயத்தங்களைக் கெடுப்பதையும் குற்றமாக்கியது. பிரான்செல் டோர்மன் என்ற பெண் நீர்ப்பறவை சுட வந்தவர்களிடம் போய், அந்தப் பறவைகள் எவ்வளவு அழகு, இது எவ்வளவு கொடுமை என்று பேசினார். பேசியதற்குக் கைது. 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. ஆயத்தம் என்பது எங்கே தொடங்குகிறது? கடையில் தோட்டா வாங்கும்போதா? அங்கே போய் ஒருவர் 'வேண்டாமே' என்றால் அதுவும் குற்றமா? அப்படி எல்லை இல்லாத சட்டம் நிற்காது. இல்லினாய் உச்ச நீதிமன்றமும் 1998இல், பேசி மனதை மாற்றப் பார்ப்பதைக் குற்றமாக்கிய பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மீதிச் சட்டத்தை வைத்துக்கொண்டது.

உரிமை இருக்கிறது, சரி. பயன் இருக்கிறதா? விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, குளிரில் மரத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் கீழேயிருந்து யாரோ வந்து அறிவுரை சொன்னால் அவர் இறங்கி வீட்டுக்குப் போவாரா? எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் கையில் துப்பாக்கி இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்ணால் பார்ப்பது

சித்தி மகளின் கேள்வி உண்மையில் இதைப் பற்றித்தான். அவள் யாரையும் தடுக்கப் போவதில்லை. பொதுச்சாலையில், பொதுக்காட்டில் நின்று பார்க்கப் போகிறாள், படம் எடுக்கப் போகிறாள். அது குற்றமா?

2016இல் விஸ்கான்சின், ஆம் குற்றம் என்றது. ஏற்கெனவே இருந்த வேட்டைக் குறுக்கீட்டுச் சட்டத்தில் புதிதாகச் சிலவற்றைச் சேர்த்தார்கள். வேட்டைக்காரருக்குப் பக்கத்திலோ அவரைக் கண்ணால் காணும் தூரத்திலோ தொடர்ந்து இருப்பது, அவரை நெருங்கிப் போவது, அவரைப் படம் எடுப்பது, ஒலிப்பதிவு செய்வது. இவற்றில் இரண்டு செயல்கள் போதும், இடையில் கடந்த நேரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் போதும், வேட்டையைத் தடுக்கும் எண்ணம் இருந்தால் குற்றம். ஒருவரைத் தொடர்ந்து பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு எதிரான சட்டங்களின் சாயல் இதில் அப்படியே தெரிகிறது.

இதற்கு ஒரு பின்னணி உண்டு. அந்த மாநிலத்தில் கரடி வேட்டைக்கு நாய் விடலாம். ஓநாய் சீசன் நடந்த வருடங்களில் ஓநாய்க்கும் விடலாம். 2014வாக்கில் உல்ஃப் பேட்ரோல் என்ற குழு வண்டியில் பின்தொடர்ந்து, நாய்க்கூண்டு வைத்த பிக்கப் டிரக்குகளையும், கரடிக்கு வைக்கும் இரைத் தொட்டிகளையும் படமெடுத்து வெளியிட ஆரம்பித்தது. வேட்டைக்காரர்களுக்கு எரிச்சல். அதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முதல்முறை காட்டுக்குப் போன அப்பா ஒருவர், முன்பின் தெரியாத ஆள் கேமராவோடு நாள் முழுக்கப் பின்னால் வந்தால் என்ன நினைப்பார்? கோயில் திருவிழாவில் நம்மை ஒருவர் விடாமல் வீடியோ எடுத்தால் நமக்கு வராத கோபமா?

ஆனால் எரிச்சல் வேறு, குற்றம் வேறு. மூன்று பேர் சேர்ந்து இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். அதில் ஒருவர் ஆவணப்படம் எடுப்பவர். கீழமை நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2023 நவம்பரில் சிகாகோவில் உள்ள ஏழாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பிரவுன் எதிர் கெம்ப் என்பது வழக்கின் பெயர்.

தீர்ப்பில் மூன்று காரணங்கள், மூன்றும் ஆழமானவை. ஒன்று, 'கண்ணால் காணும் அண்மை' என்றால் எத்தனை அடி என்று எவருக்கும் தெரியாது. நூறு அடியா, தொலைநோக்கி வைத்துப் பார்த்தால் அரை மைலா? இரண்டு, பொது இடத்தில் நின்று பார்ப்பதும் படம் எடுப்பதும் பேச்சுக்கு முந்தைய படி. பார்க்காமல் எதைப் பேசுவது? அதைத் தடுத்தால் பேச்சையே தடுத்ததாகும். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரே இடத்தில், ஒரே கேமராவை வைத்து வேட்டைக்காரரின் நண்பர் படமெடுத்தால் குற்றமில்லை, வேட்டையைப் பிடிக்காதவர் எடுத்தால் குற்றம். அப்படியென்றால் சட்டம் தண்டிப்பது படமெடுத்ததையா, எடுத்தவரின் கருத்தையா?

அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் சட்டத்தின் மற்ற பகுதிகள் இருக்கின்றன. விலங்கை விரட்டிவிடக் கூடாது, இரையில் கைவைக்கக் கூடாது, வழியை மறிக்கக் கூடாது. அவை இருப்பதில் தவறில்லை. கைவைத்தால் குற்றம், கண்வைத்தால் குற்றமில்லை என்ற கோடு இப்போதுதான் அங்கே ஒழுங்காக விழுந்திருக்கிறது. கவனிக்க: ஏழாவது வட்டம் என்பது விஸ்கான்சின், இல்லினாய், இண்டியானா மூன்றும்தான். வேறு மாநிலத்தில் இருப்பவர் இந்தத் தீர்ப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தைரியமாகக் கிளம்ப முடியாது. அங்கங்கே உள்ள சட்டத்தைப் பார்த்தாக வேண்டும்.

பார்ப்பதற்கு என்ன பலன் என்று கேட்டால், மொன்டானாவை நினைத்துக்கொள்ளுங்கள். அல்லது விஸ்கான்சினிலேயே 2021 பிப்ரவரியை. கூட்டாட்சிப் பாதுகாப்பு நீங்கியதும் அவசர அவசரமாக ஓநாய் வேட்டை திறந்தார்கள். லைசென்ஸ் வேட்டைக்காரர்களுக்கு ஒதுக்கியது 119. மூன்று நாள் முடிவதற்குள் விழுந்தது 218. இந்த மாதிரி ஒரு வேட்டையில் காட்டுக்குள் என்ன நடந்தது என்று வெளியில் உள்ளவர் பார்த்துச் சொல்லாவிட்டால், சுட்டவர் சொல்வதுதான் கணக்கு.

காசால் தடுப்பது

ஒரு துளிச் சண்டை இல்லாத வழியும் இருக்கிறது: வேட்டை அனுமதியை நாமே வாங்கிவைத்துக்கொண்டு சுடாமல் விடுவது. அதே 2021இல் மொத்த ஒதுக்கீடு 200 ஓநாய். அதில் 81 ஓஜிப்வே பழங்குடிகளுக்கு உரியது. ஒப்பந்தப்படி வந்த உரிமை அது. ஓநாயைச் சகோதரனாக நினைப்பவர்கள் அவர்கள். தங்கள் பங்கைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டு ஒன்றைக்கூடச் சுடாமல் விட்டார்கள். வேட்டைக்காரர்கள் தங்கள் 119ஐத் தாண்டி அந்தப் பங்கிலும் புகுந்து சுட்டார்கள் என்பது வேறு கதை, வயிற்றெரிச்சலான கதை.

2018இல் வையோமிங் மாநிலம் கிரிஸ்லி கரடி வேட்டையை அறிவித்தது. 22 கரடிக்கு அனுமதி, குலுக்கல் முறை, சுமார் 7,000 பேர் விண்ணப்பம். அதில் ஆர்வலர்களும் இருந்தார்கள். துப்பாக்கிக்குப் பதில் கேமராவால் சுடுவோம் என்று சேர்ந்து விண்ணப்பித்தார்கள், சிம்பன்சி ஆராய்ச்சியாளர் ஜேன் குடால் உட்பட. 399 என்ற எண்ணால் உலகம் முழுக்கத் தெரிந்த தாய்க்கரடியை வருடக்கணக்கில் படமெடுத்த தாமஸ் மேங்கெல்சனுக்கு எட்டாம் எண் விழுந்தது. ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி, அவருக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளும் அவர் படம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பத்து நாளும் கரடிக்கு லாபம். உள்ளூர்க்காரருக்கு அனுமதிக் கட்டணம் 600 டாலர், வெளியூர்க்காரருக்கு 6,000. கடைசியில் செப்டம்பரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி கிரிஸ்லிக்குப் பாதுகாப்பைத் திருப்பித் தந்துவிட்டார், வேட்டையே நடக்கவில்லை. 399 அதற்கப்புறமும் குட்டிகள் போட்டு, 28 வயதில், 2024 அக்டோபரில் சாலையில் கார் மோதிச் செத்தது.

கனடாவில் ரெயின்கோஸ்ட் என்ற அமைப்பு இதை இன்னும் பெரிதாகச் செய்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேட்டைச் சுற்றுலா நடத்தும் வணிக உரிமைகளையே 2005 முதல் ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கியது. வாங்கிவிட்டு, வேட்டையாட யாரையும் கூட்டிப் போவதில்லை.

குறுக்கீட்டுச் சட்டம் எதுவும் இதைத் தொட முடியாது. வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர் வேட்டையாடியே தீர வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாதே. ஆனால் இதில் ஒரு முள் இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கி, தோட்டா விற்பனையின்மேல் ஒரு வரி உண்டு, 1937இல் இருந்து. அது மாநிலங்களின் வனத்துறைகளுக்குப் போகிறது. எந்த மாநிலத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும்போது, அங்கே எத்தனை பேர் வேட்டை லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள் என்பதும் ஒரு கணக்கு. வேட்டையைத் தடுக்க லைசென்ஸ் வாங்கும் ஆர்வலரும் அந்தப் பேரேட்டில் ஒரு வேட்டைக்காரர்தான். அடுத்த வருடம் 'வேட்டைக்காரர் எண்ணிக்கை கூடியிருக்கிறது' என்று வரும் அறிக்கையில் அவரும் ஒரு தலை. எனக்கு இது சிரிப்பாகவும் இருக்கிறது, சங்கடமாகவும் இருக்கிறது. மான் மாதிரி லட்சக்கணக்கில் லைசென்ஸ் விற்கும் விலங்குக்கு இந்த வழி எடுபடவும் செய்யாது. இருபது, முப்பது என்று எண்ணிக் கொடுக்கும் அரிய விலங்குக்குத்தான் பலிக்கும்.

கூட்டத்தில் கை தூக்குவது

வாக்கெடுப்பு வழியும் உண்டு. கலிபோர்னியா மக்கள் 1990இல் பூமா எனப்படும் மலைச்சிங்க வேட்டையை வாக்குப்போட்டே தடைசெய்தார்கள். கொலராடோவில் 2024இல் அதே முயற்சி தோற்றது. விஸ்கான்சினில் மக்களே சட்டம் முன்மொழியும் வாக்கெடுப்பு முறை கிடையாது. அதற்குப் பதில் கன்சர்வேஷன் காங்கிரஸ் என்று ஒன்று 1934இல் இருந்து நடக்கிறது. ஒவ்வொரு வசந்தத்திலும் மாவட்டந்தோறும் கூட்டம் போட்டு, வேட்டை, மீன்பிடி விதிகளைப் பற்றி மக்களிடம் கருத்து கேட்பார்கள். அறிவுரைதான், கட்டாயம் இல்லை. 2005இல் தெருப்பூனைகளைச் சுடலாமா என்றுகூட ஒரு கேள்வி வைத்து, சுடலாம் என்று பெரும்பான்மை வந்து, ஆளுநர் அதை ஏற்காமல் நாடே சிரித்தது. வேட்டைக்காரர்கள் வரிசையாக வந்து கை தூக்கும் இடம் அது. ஆர்வலர்கள் போகாமல் விட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். சலிப்பான வேலை, பலன் தெரிய வருடங்கள் ஆகும், ஆனால் யாரும் கைதுசெய்ய மாட்டார்கள்.

அவளுக்கு நான் சொன்னது

விசா விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு: எப்போதாவது கைதானதுண்டா, தண்டனை பெற்றதுண்டா? தண்டனை மட்டும் இல்லை, கைதும். வழக்கு தள்ளுபடி ஆனாலும் 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். குடியுரிமை உள்ள அவளுடைய தோழிக்கு ஒரு நாள் காவல் என்பது சொல்லிச் சிரிக்கும் கதை. இவளுக்கு அடுத்த முறை சென்னைத் துணைத் தூதரகத்தில் வியர்க்கும் கதை. ஆகவே குறுக்கே நிற்பது அவளுக்கு வழியே இல்லை. டோர்மனைக் கைதுசெய்த சட்டம் பின்னால் செல்லாது என்று ஆனது உண்மை, ஆனால் கைது கைதுதான்.

மீதி உள்ளவற்றில் கேமராவையும் கூட்டத்தையும் சேர்த்து எடுத்துக்கொள் என்றேன். லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்ளும் வழி கரடிக்கு அங்கே ஒத்துவராது, அதற்குப் புள்ளிகள் சேர்த்து வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். படம் எடுப்பதிலும் சில விஷயங்கள். ஆரஞ்சு ஜாக்கெட் போடு. பொதுச்சாலையா, தனியார் நிலமா என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டு நில். வண்டியைக் குறுக்கே நிறுத்தாதே. நாயைக் கூப்பிடாதே, தொடாதே, இரைத் தொட்டி பக்கமே போகாதே. யாராவது வந்து பேசினால் கேமராவை இறக்கிவிட்டுப் பதில் சொல். வனக் காவலர் நகரச் சொன்னால் நகர்ந்துவிட்டு, அவர் சொன்னதை எழுதி வை, வாக்குவாதத்தை வக்கீல் பார்த்துக்கொள்வார். குழுவில் யாராவது குறுக்கே நிற்கிற ஆள் என்று தெரிந்தால் அவரோடு ஒரே வண்டியில் போகாதே. கடைசி யோசனை அவளுக்குப் பிடிக்கவில்லை, "அப்போ நான் கோழையா?" என்றாள். விசா முடியும்வரை கொஞ்சம் கோழையாகத்தான் இரு என்றேன்.

இரண்டு சனிக்கிழமை போய்வந்தாள். முதல் வாரம் நாய்க்கூண்டு வைத்த டிரக்குகளைத் தவிர வேறொன்றும் பார்க்கவில்லை. இரண்டாம் வாரம் ஒரு பெரியவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து, எதற்குப் படம் எடுக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். இவள் கேமராவை இறக்கிவிட்டு உள்ளதைச் சொன்னாளாம். அவர் கத்துவார் என்று பயந்திருக்கிறாள். அவர் தன் போனை எடுத்து, போன கோடையில் ஓநாய்கள் கடித்துக் கொன்ற தன் பெண் நாயின் படத்தைக் காட்டியிருக்கிறார். இப்படிச் சாகும் வேட்டை நாய்க்கு மாநிலம் 2,500 டாலர் வரை இழப்பீடு தரும். அதை வாங்கினீர்களா என்று கேட்க வாய் வந்ததாம், கேட்கவில்லையாம்.

"அதைப் படம் எடுத்தியா?" என்று கேட்டேன்.

"இல்லண்ணே. அவர் போனைப் பாத்துக்கிட்டே நின்னுட்டேன்."